அவள் திரை தைத்த ஊர்

என் மனைவி வேலைக்குப் போன பாலைவன ஊர்மீது முதலில் எனக்கு எந்தப் பகையும் இல்லை. அவளே அதைத் திட்டிக்கொண்டிருந்ததால் நான் திட்டவேண்டிய தேவை வரவில்லை.

அப்போது அவள் ஹட்டன் டவுனில் ஒரு துணிக்கடையின் மாடியில் தைத்துக்கொண்டிருந்தாள். நான் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஆட்டோ ஓட்டினேன், இன்றும் ஓட்டுகிறேன். டவுனுக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகளில் ஒன்றுதான் எங்கள் வீடு. வளைகுடா நாடொன்றில் கர்ட்டன் தைக்கும் கடைக்குப் பெண் தையல்காரி ஒருவர் தேவை என்று தெரிந்தவர் மூலம் செய்தி வந்தது. பல நாள் பேசித்தான் இருவரும் சம்மதித்தோம். மகளை நான் பார்த்துக்கொள்வது, அவள் கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் திரும்புவது என்று முடிவு.

கண்ணாடிக் கோபுரங்களும் கடற்கரையும் உள்ள ஊருக்கு அவள் போகவில்லை. விமானம் இறங்கிய இடத்திலிருந்து பஸ்ஸில் அரை நாள் உள்ளே போகவேண்டிய நடுத்தரமான ஊர். போய்ச் சேர்ந்ததும் போனில் அழுதாள்.

"இதெல்லாம் ஒரு ஊராங்க? ஒரே ஒரு பெரிய ரோடு, ரெண்டு பக்கமும் சுவரு. பகல்ல ஒரு மனுசர கண்ணுல பாக்க முடியல."

வீடுகள் எல்லாம் உயரமான மதில்களுக்குள் ஒளிந்திருந்தனவாம். கடைகள் சாயங்காலத்துக்குப் பிறகுதான் விழிக்குமாம். ஊர் நடுவில் ஒரு சுற்றுவட்டம், அதன்மேல் சீமெந்தில் செய்த பெரிய கோப்பிக் கூஜா. அதைத் தாண்டிப் பேரீச்சந்தோப்பு. அவள் தங்கியிருந்த கட்டடத்தோடு ஊர் முடிந்து மணல் தொடங்கிவிடும். நான் ஆறுதல் சொன்னேன். எங்கள் பக்கம் மழையா என்று கேட்பாள். போனைத் தகரக் கூரைக்குக் கிட்டே பிடிக்கச் சொல்வாள். மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். அந்த மாதங்களில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்லவேண்டும். மனைவி தூரத்தில் அழ, நான் இங்கே சந்தோஷமாக இருந்தேன்.

நிலைமையை மாற்றியவை ஜன்னல்கள்.

அந்த ஊர்ப் பெண்கள் வீட்டில் தங்கள் பகுதிக்குள் ஆண்கள் வந்து அளவெடுப்பதை விரும்பவில்லை. கடைக்காரர் என் மனைவியை வேனில் அனுப்பத் தொடங்கினார். புது வீடு கட்டுகிற எல்லோருக்கும் கர்ட்டன் வேண்டும். ஆகவே அந்த ஊர் எந்தத் திசையில் வளர்கிறது என்பது அவளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். முதலில் மணலுக்குள் ரோடு போவதைச் சொல்வாள். பிறகு விளக்குக் கம்பங்கள். அப்புறம் கம்பங்களுக்கு நடுவே ஆளில்லாமல் நிற்கும் வீடு. கடைசியாக அந்த வீட்டுக்குள் அளவு நாடாவோடு இவள். இவள் தைத்த திரை தொங்கிய பிறகுதான் அந்த வீட்டில் குடிவருவார்கள்.

அவள் பேச்சின் நிறம் மாறியது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் புதுத் தெரு வந்திருக்கிறது என்றாள். பல்கலைக்கழகம் வருகிறது, அந்தப் பக்கம் நிறைய வாத்தியார்மார் குடிவருவார்கள் என்றாள். கோப்பிக் கூஜாவை எடுத்துவிட்டுச் சிக்னல் போட்டார்கள் என்று சொன்னபோது அவள் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. நான் இங்கே ரோட்டில் மண் சரிந்து கண்டி பஸ் நின்றுவிட்டதைச் சொன்னால், "அப்படியா" என்பாள். சொல்லிவிட்டு மறுபடி அவளுடைய தெருக்களுக்குப் போய்விடுவாள்.

ஒரு நாள் சாயங்காலம் அழைத்தாள்.

"நம்ம ஊர்ல இன்னைக்கி மழைங்க" என்றாள், மூச்சுவாங்க.

"இங்கதான் ஒரு வாரமா விடாம பெய்யுதே" என்றேன்.

"இல்லங்க, இங்க. இங்க மழை."

அவள் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள். கடைகளை அப்படியே போட்டுவிட்டு எல்லோரும் கார்களில் கிளம்பிவிட்டார்களாம். காய்ந்த ஆற்றில் தண்ணீர் வருவதைப் பார்க்க ஊருக்கு வெளியே போனார்களாம், கடைக்காரர் தன் கடையில் வேலை செய்கிறவர்களையும் வேனில் கூட்டிப் போனாராம். பிள்ளைகள் தண்ணீரில் ஓடினார்களாம். நான் எதையும் சரியாகக் கேட்கவில்லை. நம்ம ஊர் என்றாள் அல்லவா, அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். என் ஆட்டோவின் பக்கத் திரை வழியே சாரல் அடித்து முழங்கால் நனைந்துகொண்டிருந்தது.

வேறு ஓர் ஆண் என்றால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், சொந்தக்காரர்களைக் கூட்டியிருப்பேன். ஓர் ஊரை எப்படிச் சண்டைக்கு இழுப்பது? யாரிடம் போய்ச் சொல்வது?

ஆட்டோவுக்கு ஹயர் இல்லாத நேரங்களில் போனில் அந்த ஊரின் படத்தைத் திறந்து பார்க்கும் பழக்கம் வந்தது. வானத்திலிருந்து எடுத்த படம். வெளிறிய மணலில் சாம்பல் நிறக் கட்டங்கள். கொஞ்ச காலம் கழித்துப் பார்த்தால் கட்டங்கள் கூடியிருக்கும். பிறகு அதே விரலால் எங்கள் தோட்டத்தைத் தேடுவேன். வெள்ளைக்காரன் கட்டிய லயக் கூரைகள் பச்சைக்கு நடுவே கோடு கோடாக இருந்த இடத்திலேயே இருக்கும். என் தாத்தா காலத்தில் எடுத்திருந்தாலும் படம் இப்படித்தான் இருந்திருக்கும். ஒன்றுமே முளைக்காத மண்ணில் ஒரு ஊர் இப்படி வளர்கிறது, எதை நட்டாலும் முளைக்கும் எங்கள் மண்ணில் ஒரு அறைகூடக் கூடவில்லை. வயிறு எரிந்தது. புழுதிக் காற்றில் அந்த ஊரே மூடிக்கிடக்கிறது என்று அவள் ஒருமுறை சொன்னபோது, கவனமாக இரு என்று சொல்லிவிட்டு, அன்று முழுக்கச் சீட்டியடித்துக்கொண்டு ஆட்டோ ஓட்டினேன்.

லீவில் வந்தாள். எங்கள் வீட்டு ஒரே ஜன்னலுக்குத் தங்க நிறப் பூ வேலைப்பாடு வைத்த கர்ட்டன் கொண்டுவந்தாள். அளவு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் துணி மாட்டியதும் ஜன்னல் முன்பைவிடச் சின்னதாகத் தெரிந்தது. அவளும் மகளும் அடுப்படியில் உட்கார்ந்து அந்த ஊரைப் பற்றிப் பேசினார்கள். வீடியோவில் பார்த்துப் பார்த்து மகளுக்கும் தெருக்கள் பழகியிருந்தன. ரொட்டிக் கடைக்குப் பக்கத்து வீடா, இல்லை அதற்கு அடுத்ததா என்று இருவரும் வாதாடினார்கள். நான் தேத்தண்ணீர் கேட்டதை யாரும் காதில் வாங்கவில்லை.

திரும்பிப் போகும் முன் அவள்தான் சொன்னாள். "ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்களேன். மொதலாளி விசா எடுத்துத் தாறேன்னு சொல்றாரு."

போட்டிக்காரனை நேரில் பார்க்கும் ஆசை யாருக்கு இல்லை? மகளை என் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டுப் போனேன்.

நான் நினைத்ததைவிட அந்த ஊர் அமைதியானது. அதுதான் என்னை அதிகம் எரிச்சல்படுத்தியது. பெரிய ஆடம்பரம் இருந்திருந்தால் சிரித்துவிட்டு வந்திருப்பேன். அகலமான தெருக்கள். மண் நிற வீடுகள். வெயில் சாயச் சாய மதில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். கிழவர்கள் வாசலில் பாய் விரித்து உட்காருவார்கள், பிள்ளைகள் சைக்கிள் எடுப்பார்கள், ரொட்டிக் கடையின் சூட்டு வாசம் தெரு முழுக்க வரும். எதற்கும் அவசரப்படாத, வருகிறவனை ஏறிட்டு முறைக்காத ஊர். என் மனைவி எனக்கு முன்னால் நடந்தாள். எங்கே கடக்கவேண்டும், எங்கே நிழல் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வேன் டிரைவரிடம் அரபியில் ஏதோ சொன்னாள், அவன் வேறு வழியில் திருப்பினான். நாள் முழுக்க மற்றவர்களை ஏற்றி இறக்குகிற நான் பின் சீட்டில் மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

எனக்குத் தங்க இடம் கொடுத்தவர் எங்கள் மலைப்பக்கத்துக் கந்தப்பளைக்காரர். நகரசபைத் தோட்ட வேலையில் இருந்தார். ரோட்டோரம் கம்பில் கட்டிய இளம் மரங்களை எனக்குக் காட்டினார். ஒவ்வொரு மரத்தின் அடியிலும் மெல்லிய கறுப்புக் குழாய் ஒன்று வந்து முடிந்தது.

"எல்லா மரத்துக்கும் தண்ணி தனித்தனியா போகுது" என்றார் பெருமையாக. அவர் பதித்த குழாய்கள் அவை.

எங்கள் லயத்தில் மலை ஊற்றிலிருந்து வரும் ஒரே பீலித் தண்ணீருக்கு நிற்கும் குடங்களின் வரிசை எனக்கு நினைவுக்கு வந்தது. நல்ல வேலை என்று அவரிடம் சொன்னேன். அதன்பிறகு அந்த மரங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மரத்தின்மேல் பொறாமைப்பட்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கந்தப்பளைக்காரரின் அறையில் நான் தங்கியதற்குக் காரணம் உண்டு. என் மனைவி இருந்த கட்டடத்தில் பெண்கள் மட்டும்தான். வாசல்வரை போகலாம், அதற்கு மேல் போகக்கூடாது. ஒரு நாள் வாசலில் நின்று அவள் அறை எது என்று கேட்டேன். மேலே காட்டினாள். ஜன்னல் இருக்கவேண்டிய இடத்தில் ஏசி பெட்டியைச் செருகி, மிச்ச இடைவெளியை அட்டையால் அடைத்திருந்தார்கள்.

"ஒனக்கு ஜன்னலே இல்லயா?" என்றேன்.

"தூங்க மட்டும்தானே போறோம்" என்றாள். அதைப் பற்றி மேற்கொண்டு பேச அவள் விரும்பவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு காலம் இந்த ஊருக்காக உருகினாயே, இது உனக்கு என்ன கொடுத்தது என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. எங்கள் லயத்தில் நான் அவளுக்குக் கொடுத்த ஜன்னலின் அளவு எனக்குத் தெரியும்.

கிளம்புவதற்கு முன் ஒரு வேலைக்கு என்னையும் கூட்டிப் போனாள். ஊரின் கடைசி வீடு. அவளுக்கு முன்பே பழக்கமான வீட்டுக்காரம்மா முன்னறை வரைக்கும் என்னை அனுமதித்தார். சுவர் அளவுக்கு ஜன்னல், வெளியே மணல்மேடுகள். அளவு நாடாவின் ஒரு முனையை நான் பிடித்தேன். "நேரா புடிங்க, தொங்கவிடாதீங்க" என்றாள். அடுத்த வருடம் எதிரே வீடு வந்துவிடும், இந்த மணல் தெரியாது என்றாள்.

வீட்டுக்காரம்மா பிளாஸ்கில் கொண்டுவந்திருந்த கோப்பியைச் சின்னக் கோப்பைகளில் ஊற்றினார். என் மனைவியின் தோளில் கை வைத்து என்னைப் பார்த்தபடி எதையோ கேட்டார். இருவரும் சிரித்தார்கள்.

"என்னா சொல்றாங்க?"

"இவருதானா அந்த ஹட்டன்காரருன்னு கேக்குறாங்க. கூரை மழைய போன்ல கேக்க வைக்கிறவருன்னு நான் சொல்லியிருக்கேன்."

எத்தனை வீடுகளில் சொல்லியிருக்கிறாள் என்று பிறகு விசாரித்தேன். அளவெடுக்கப் போகிற வீடுகளில் எல்லாம் பேச்சு ஹட்டனுக்குத்தான் போகுமாம். அவர்களுக்கு மழையும் குளிரும் கேட்க ஆசையாம். நான் சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்தச் சந்தோஷத்துக்குள்ளும் ஒரு முள் இருந்தது. எனக்குத் தெரியாத மொழியில், எனக்குத் தெரியாத பெண்களிடம், என் ஊரை அவள் இவ்வளவு அழகாகச் சொல்லியிருக்கிறாள். என்னிடம் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

நான் திரும்பி வந்து சில மாதங்களில் அந்த ஊரில் பெரிய கடைத்தொகுதி ஒன்று திறந்தார்கள். அங்கே தைத்த கர்ட்டன்களே பெட்டியில் கிடைத்தன. அளவெடுக்கக் கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். அவளுடைய கடைக்காரர் கொஞ்ச காலம் சமாளித்துப் பார்த்துவிட்டுக் கடையை மூடினார். அந்த ஊர் வளர்ந்த வளர்ச்சியே அவளை எனக்குத் திருப்பி அனுப்பியது. செய்தி கேட்டுப் போனில் நான் வருத்தம் காட்டினேன். போனை வைத்ததும் ஆட்டோவைக் கழுவி, காலடிக்குப் புது விரிப்பு வாங்கிப் போட்டேன்.

இப்போது நுவரெலியாப் பக்கம் புதிதாக எழும்பும் விடுதிகளுக்கு அவள் கர்ட்டன் தைக்கிறாள். என் ஆட்டோவில்தான் போகிறோம். நாடாவின் மறுமுனை என் கையில். நேராகப் பிடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன். அவள் வாயில் அந்த ஊரின் பேர் வரும்போதெல்லாம் எனக்கு இன்னும் உள்ளே ஏதோ சுருக்கென்கிறது. மழை பிடித்து, விடுதி வாசலில் ஒதுங்கி நிற்கிற நேரங்களில் அவள் கண் எங்கேயோ போய்விடும். எங்கே என்று நான் கேட்பதில்லை.

போன மாதம் அவளோடு அறையில் இருந்த பெண் ஒருத்தி அங்கிருந்து வீடியோ அனுப்பினாள். காய்ந்த ஆற்றின் குறுக்கே புதுப் பாலம், இரு பக்கமும் விளக்குகள், அக்கரையிலும் தெருக்கள். என் மனைவி அதை ஒருமுறை பார்த்தாள். மறுபடி ஓடவிட்டாள்.

"நான் இருந்தப்ப இது இல்ல" என்றாள்.

அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். வருடக்கணக்காக எனக்குள் கேட்ட குரல். இன்னும் கொஞ்ச நேரம் போனை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "பாலம் கோணலா இருக்கு பாருங்க. அவசரத்துல கட்டியிருக்காங்க."

நான் போனை வாங்கிப் பார்த்தேன். பாலம் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது.

"ஆமா, கோணல்தான்" என்றேன்.