அலாரத்துக்குச் சாரம் கட்டிய மச்சான்

போன சனிக்கிழமை புத்தளத்திலிருந்து முந்தல் வரை என் கார் என்னைத் திட்டிக்கொண்டே வந்தது. காரணம்? பக்கத்துச் சீட்டில் தங்கச்சிக்கென்று வைத்திருந்த அரிசிச் சாக்கு சீட் பெல்ட் போடவில்லை.

இப்போதெல்லாம் எல்லாச் சாமானுக்கும் வாய் முளைத்துவிட்டது. பிரிட்ஜைத் திறந்து, எதற்காகத் திறந்தோம் என்று யோசிப்பதற்குள் கத்துகிறது. என் வயதில் யோசிக்கக் கொஞ்சம் நேரம் வேண்டாமா?

நானா, நானா என்று என்னைக் கூப்பிடும் தங்கச்சி வீட்டிலாவது நிம்மதி என்று போனால்... அங்கேயும் ஒன்று. அவள் கணவருக்கு, அதாவது மச்சானுக்கு, இறால் பண்ணை. குளத்துத் தண்ணீரில் ஒட்சிசன் குறைந்தால் சத்தம் போடும் அலாரம் ஒன்றை வாங்கிப் பொருத்தியிருந்தார். அதன் ஹோர்ன் மீது, அவர் இடுப்பில் உடுத்திக் கழித்த ஒரு பழைய சாரம் இறுக்கிக் கட்டியிருந்தது.

"என்ன மச்சான், அதுக்குக் குளிரா?" என்றேன்.

"எந்த நாளும் கத்துற ஒன்டு மச்சான். சென்சரைக் கழுவ வெளிய எடுத்தாக் கத்தும். கரண்ட் போய் வந்தாக் கத்தும். மனிசன் எத்தினை தரம் ஓடுற?"

நியாயம்தான். ஆனால் குளத்தில் இருந்தது அடுத்த கிழமை பிடிக்க வேண்டிய இறால். போன தடவை நோய் விழுந்து முழுக் குளமும் செத்துப்போனது. இந்தத் தடவையும் போனால் பண்ணையை மூடுவதுதான் என்று தங்கச்சி ஏற்கனவே சொல்லியிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் கட்டுநாயக்க விமான நிலையப் பக்கம் தாழ்ந்து போனது. விமானங்களைப் பற்றி அண்மையில்தான் கொஞ்சம் வாசித்திருந்தேன். வாசித்ததை உள்ளே வைத்துக்கொண்டு சும்மா இருக்க நான் என்ன அலுமாரியா?

தொடங்கிவிட்டேன். விமானத்திலும் தரை நெருங்குகிறது என்று கத்தும் கருவி உண்டு. ஆனால் தரையிறங்குவதென்றாலே தரையை நெருங்குவதுதானே? ஒவ்வொரு தரமும் கத்தினால் விமானியும் சாரம் கட்டிவிடுவார். அதனால், விமானம் இப்போது என்ன வேலையில் இருக்கிறது என்பதையும் அது பார்க்கிறது. மேலே ஏறத் தொடங்கிய விமானம் மறுபடி தாழ்ந்தால், இறங்காதே என்று அதட்டும். சக்கரத்தை இறக்காமல் தாழப் பறந்தால், சக்கரம் எங்கே என்று கேட்கும். சக்கரமும் இறக்கி, அளவான வேகத்தில் ஒழுங்காக ஓடுபாதைக்கு வந்தால் — வாயை மூடிக்கொள்ளும். முன்னால் மலை ஏதும் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிற தூரத்தைக்கூட, விமான நிலையம் நெருங்க நெருங்கச் சுருக்கிக்கொள்ளும்!

"சும்மா சும்மா கத்தினா, உண்மையாக் கத்துற நேரம் ஒருத்தரும் கேக்க மாட்டாங்க மச்சான்."

மச்சான் ஓம் ஓம் என்று தலையாட்டினார். சாரத்துக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கும் கேட்டது, அவருக்கும் கேட்டது. அது சும்மா என்று கையை அசைத்தார். நான் கதையைத் தொடர்ந்தேன்.

வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தவள் தங்கச்சிதான். காற்றே இல்லாத, மேகம் மூடிய மப்பு நாள். தண்ணீரைக் கலக்கிக் காற்றூட்டும் சக்கரங்கள் நின்றுபோயிருந்தன. மூச்சுக்காக இறால்கள் குளத்தின் ஓரத்தில் மேலே வந்து மிதந்தன. நாங்கள் செருப்பைத் தேடுவதற்குள் அவள் தானாக ஓஃப் ஆகி விழுந்திருந்த சுவிட்சைத் தட்டிப் போட்டுவிட்டாள். சக்கரங்கள் சுழன்றன. கொஞ்சம் இறால் செத்து ஒதுங்கியது. மற்றவை மெல்ல மெல்ல அடிக்குப் போயின.

பிறகு மச்சான் தலையைக் குனிந்துகொண்டு ஹோர்னிலிருந்து சாரத்தை அவிழ்த்தார். தங்கச்சி அதை வாங்கி என் பக்கம் நீட்டினாள்.

"இது நானாட வாய்க்கு."

எந்த நேரம் வாயை மூட வேண்டும் என்று விமானத்துக்குத் தெரிகிறது. அப்படியொரு கருவியை எனக்கும் பொருத்த ஆளிருந்தால் சொல்லுங்கள் — அந்தச் சாரத்தின் நாற்றம் தாங்க முடியவில்லை.