சிலுவையடியில் எழும்பப் பழகியது

கொட்டாஞ்சேனையில் எங்கள் கோயிலில் பெரிய வெள்ளியன்று எல்லோரும் வரிசையாகப் போய், முழந்தாளிட்டு, சிலுவையை முத்தி செய்துவிட்டு, அதாவது முத்தமிட்டுவிட்டு, வருவோம். சிறு வயதிலிருந்து செய்து வந்ததுதான். ஒரு வருடம் முழந்தாளிட்டேன், முத்தியும் செய்தேன், எழும்ப மட்டும் முடியவில்லை. ஆண்டவரின் பாதத்தில் கிடப்பது புண்ணியம்தான், ஆனால் பின்னால் பாதிக் கொட்டாஞ்சேனை நின்றது. ஒழுங்கு பார்க்க நின்ற இரண்டு ஆண்கள் ஓடி வந்து, கக்கத்தில் கை கொடுத்து, அரிசி மூட்டையைப் போல என்னைத் தூக்கி நிறுத்தினார்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள் நான். அன்று சிலுவையில் தொங்கியவரைப் பார்த்தவர்களைவிட என்னைப் பார்த்தவர்கள்தான் அதிகம்.

வெளியே வந்ததும் மச்சாள், என் கணவரின் தங்கை, ஆறுதல் சொன்னாள்.

"கவலைப்படாதேங்கோ மச்சாள். அடுத்த வருசத்துக்கு ஒரு கிரேன் சொல்லி வைப்பம். துறைமுகத்திலை எங்கட ஆக்கள் இருக்கினம்தானே."

இனி ஒரு வருடம் இருந்தது. அதற்குள் நானாக எழும்பப் பழக வேண்டும், இல்லாவிட்டால் சாகும்வரை கடைசி வாங்குப் பலகையில் இருந்தபடி சிலுவையைத் தூரத்தில் பார்க்க வேண்டும்.

கணவர் போன பிறகு நான் வெள்ளவத்தையில் மகளோடு இருக்கிறேன். அவள்தான் யோகா வகுப்பைக் கண்டுபிடித்தாள். முழங்கால் நோவுக்கான அந்த மருந்து, சீலைக் கடை ஒன்றுக்கு மேலே மூன்றாம் மாடியில் இருந்தது. லிப்ட் இல்லை. ஏறிப் போகக்கூடியவளுக்கு அந்த வகுப்பு எதற்கு?

"அது சைவக்காரற்றை எல்லோ? பாதரிட்டைக் கேட்டனீங்களோ?" என்று மச்சாள் போனில் வெருட்டினாள். கேட்டேன். பாதர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "எனக்கும் நாரி நோ, குனிஞ்சா நிமிர ஏலாது. எப்பிடியெண்டு செய்து பாத்துச் சொல்லுங்கோ" என்றார்.

முதல் நாள் நான் பன்பாயைச் சுருட்டிக்கொண்டு, நீளக் கவுனோடு போனேன். மற்றப் பெண்கள் தோலோடு தைத்த மாதிரிக் காற்சட்டை போட்டு, ரப்பர் பாயில் இருந்தார்கள். ஒருவருக்கும் ஒரு நோவும் இருந்ததாகத் தெரியவில்லை. கடைசி வரிசையில், சுவரோடு ஒட்டி ஒளித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் ரீச்சர், "எல்லாரும் இப்ப பின்னுக்குத் திரும்புங்கோ" என்றார். நான் முதல் வரிசை ஆகிவிட்டேன்.

முடிவில் பிணம் போலப் படுக்கச் சொன்னார். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த பாடம். எங்கள் வீடுகளில் எத்தனை பேரைக் கழுவிக் கிடத்தியிருக்கிறேன்! கால் இரண்டையும் சேர்த்து, கையை நெஞ்சில் கோர்த்து, செபமாலையையும் விரலில் சுற்றிக்கொண்டு படுத்தேன். பக்கத்துப் பாய்க்காரி கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு "ஐயோ" என்றாள்.

ரீச்சர் குனிந்து, "அன்ரி, கையைப் பக்கத்திலை வையுங்கோ. காலையும் கொஞ்சம் அகட்டுங்கோ" என்றார்.

செத்த பிறகும் சொல்வழி கேட்க வேண்டியிருக்கிறது.

கையை மேலே தூக்கி, ஐந்து மூச்சுக்கு அப்படியே நில்லுங்கள் என்பார். மூச்சை எண்ணத் தொடங்கினால் எனக்கு மூச்சே நின்றுவிடும். அதனால் மனதுக்குள் ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னேன். எல்லோரும் கையை இறக்கிவிடுவார்கள், நான் 'ஆமென்' வரும்வரை இறக்க மாட்டேன். "அன்ரியைப் பாருங்கோ, என்ன பொறுமை!" என்று ரீச்சர் காட்டிக் கொடுத்தார். பொறுமையும் இல்லை, ஒன்றும் இல்லை. செபத்தை நடுவில் விட்டால் பாவம்.

மாதக்கணக்கில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து எழும்பினேன், பிறகு கதிரையைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்து. ஒருநாள் ரீச்சர் சொன்னார்:

"அன்ரி, எழும்பேக்கை ஏன் மூச்சைப் பிடிக்கிறீங்கள்? விட்டுக்கொண்டு எழும்புங்கோ."

விட்டேன். முழங்கால் முனகியது, ஆனால் நிமிர்ந்தது. அப்போதுதான் யோசித்தேன், ஆட்கள் பார்க்கிறார்கள் என்றால் நான் எப்போதுமே மூச்சைப் பிடித்துக்கொள்கிறவள். கலியாணப் படத்தில்கூட அப்படித்தான் நிற்கிறேன். சிலுவையடியில் என்னை நிலத்தோடு பிடித்து வைத்தது முழங்கால் பாதி, இது பாதி. எழுபது வருடம் தப்பாக மூச்சு விட்டிருக்கிறேன், ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல வந்தவரும் மூன்றாம் மாடியில் இருந்தார்.

பெரிய வெள்ளி வந்தது. என்னைக் கண்டதும் அந்த இரண்டு ஆண்களும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கிட்ட வந்து நின்றார்கள். முழந்தாளிட்டேன். முத்தி செய்தேன். ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னேன். வலது காலை முன்னுக்கு வைத்து, கையைத் தொடையில் ஊன்றி, மூச்சை விட்டேன். எழும்பினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள், வரிசை நகர்ந்தது. யாரும் என்னைப் பார்க்கக் கூடாது என்றுதான் ஒரு வருடம் அத்தனை படி ஏறினேன். அப்படியே ஒருவரும் பார்க்கவில்லை. ஒரு ஆளாவது பார்த்திருக்கலாம்.

வெளியே வாசலில் மச்சாள் நின்றாள். என் காலை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"அப்ப, கிரேன்காரனைப் போகச் சொல்லட்டோ?"

"வேண்டாம்," என்றேன். "நிண்டுகொள்ளட்டும். பாதர் இன்னும் யோகாவுக்கு வரேல்லை."