வேப்பிலைக்குப் பக்கத்தில் ஒரு சிரிஞ்சு

எங்கள் வீட்டுச் சாமிப் படங்களுக்கு முன்னால், திருநீற்றுத் தட்டுக்கும் விளக்குக்கும் நடுவில், ஊசியில்லாத ஒரு சிரிஞ்சு இருக்கிறது. அதன் அளவுக் கோடுகள் என் கட்டைவிரல் பட்டுப் பட்டே அழிந்துபோய்விட்டன. புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்ப்பார்கள். பெரியம்மாவுக்கு மருந்து கொடுத்த சிரிஞ்சு அது.

பெரியம்மா, அம்மாவின் அக்கா. பிள்ளைகள் இல்லை. எங்களோடுதான் இருந்தார். வாவிக்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் அவரைத் தெரியாத ஆள் கிடையாது, அவருடைய குரவை அப்படி. கண்ணகி அம்மன் கோயில் கதவு வருடத்துக்கு ஒருமுறை, வைகாசிச் சடங்கில் திறக்கும். திறக்கிற அந்தக் கணத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து எழும் முதல் குரவை அவருடையது. வாயருகே கையைக் குவித்து, நாக்கைச் சுழற்றி அவர் தொடங்குவார். பிறகுதான் மற்றவர்கள் சேர்வார்கள். அவர் தொடங்கும்வரை யாரும் வாய் திறப்பதில்லை. அந்த நாக்கில்தான் புற்றுநோய் வந்தது. வெட்டினார்கள், கரண்ட் என்று ஊரில் சொல்கிற கதிர்ச் சிகிச்சையும் கொடுத்தார்கள். அது கழுத்துக்கு இறங்கிய பிறகு, இனி வீட்டில் வைத்து வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அப்போதுதான் கொரோனா வந்தது. கம்பஸை மூட, நானும் வீட்டுக்கு வந்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகம் போனவன் நான். மருந்துப் போத்தலில் இருந்த ஆங்கிலத்தை வாசிக்க வீட்டில் வேறு ஆளில்லை. அதனால் மருந்து கொடுப்பது என் வேலையானது.

ஆனால் பெரியம்மா குடிக்க மறுத்தார். வலிக்குக் குடிக்கிற மோர்பின் பாணி என்றால் ஆளைத் தூங்கவைத்து அப்படியே அனுப்பிவிடுகிற மருந்து என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. வைகாசி கண்ணகி அம்மாளின் மாதம், வீட்டில் தாளிதம்கூட வேண்டாம் என்று குளிர்ச்சியாக இருக்கும் காலம். அந்த நேரத்தில் இத்தனை சூடான மருந்தை உள்ளே விட்டால் அம்மாள் பொறுப்பாளா? போத்தலை அரிசிப் பானைக்குள் மறைத்துவிட்டு, பெரியம்மாவின் தலைமாட்டில் வேப்பிலைக் கொத்து வைத்தார். வலி வரும்போது பெரியம்மா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கிடப்பார். சத்தம் வராது. கண்ணீர் மட்டும் காது வரைக்கும் போகும். கதவு திறக்கும்போது முழித்திருக்க வேண்டும் என்ற ஒன்றே அவருக்கு வேண்டியிருந்தது. அதற்காக எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு கிடந்தார்.

ஊரடங்குப் பாஸோடு ஸ்கூட்டியில் மிஸ்ஸி வந்தது அந்தக் கிழமைதான். வீடு வீடாகப் போய் இப்படியான நோயாளிகளைப் பார்க்கிற தாதி அவர். இங்கேயே பிறந்து வளர்ந்த பறங்கியர், கழுத்தில் சிறிய சிலுவை. முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்களை வைத்துத்தான் அவர் சிரிப்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். அம்மா பயத்தை ஒளிக்காமல் சொன்னார். மிஸ்ஸி பெரியம்மாவின் அருகே முட்டுக்குத்தி உட்கார்ந்தார்.

"அக்கா, இந்த வலியோட கிடந்தா கோயில் மணிச் சத்தம்கூட உங்களுக்குக் கேக்காது. இண்டைக்குத் தொடங்கினா முதல் ரெண்டு மூண்டு நாள் நித்திரை இழுக்கும். பிறகு தெளிஞ்சிரும். சடங்குக்கு இன்னும் நாள் இரிக்குதானே?"

பெரியம்மா என்னைக் காட்டி, பாதி நாக்கால் குழறினார். "இவன் அளந்து தருவானா? படிக்கிறன் படிக்கிறன் எண்டு திரியிறான், சோத்துக்கு உப்பு அளக்கத் தெரியா."

"அதுக்குத்தான் கா கோடு போட்ட சிரிஞ்சு." மிஸ்ஸியின் கண்கள் சிரித்தன. அம்மா போத்தலைப் பானையிலிருந்து எடுத்து வந்தார். மிஸ்ஸி அதைத் துடைத்து, வேப்பிலைக்குப் பக்கத்திலேயே வைத்தார். "ரெண்டும் இரிக்கட்டும். ரெண்டும் ஒண்டோடொண்டு சண்டை பிடிக்காது."

அவர் சொன்னபடியே நடந்தது. முதலில் தூங்கித் தூங்கி விழுந்தார். அம்மா மூக்கருகே கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு காலை, பெரியம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, கஞ்சியில் உப்பில்லை என்று என்னை ஏசினார். வலி அவரை விட்டு எங்கேயோ தள்ளி நின்றது போலிருந்தது. அந்த முகத்தை நான் மறந்தே போயிருந்தேன்.

கதவு திறக்கும் நாளில் பூசாரியும் இரண்டொருவரும் மட்டும் கோயிலுக்குள் போகலாம் என்றார்கள். பொழுது படுகிற நேரம், பெரியம்மாவைக் கதிரையில் உட்காரவைத்து, அப்படியே தூக்கி வாசல் கடப்படியில் வைத்தோம். சிறு தெருவான எங்கள் ஒழுங்கை முழுக்க அவரவர் கடப்படியில் பெண்கள் நின்றார்கள், முகத்தை மூடிக்கொண்டு, ஒருவரையொருவர் நெருங்காமல். உடுக்குச் சத்தம் வந்தது. மணி வந்தது. கதவு திறந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது. குரவை எழ வேண்டிய இடத்தில் வெறும் காற்று நின்றது.

பெரியம்மா கையைத் தூக்கி வாயருகே குவித்தார். மூச்சு மட்டும்தான் வெளியே போனது, ஒரு சிறு விசில் கூட இல்லை. ஆனாலும் கையை இறக்கவில்லை. முன்வீட்டு மாமி அதைப் பார்த்தார். முகக்கவசத்தை இழுத்துவிட்டு, பெரியம்மாவின் கையைப் பார்த்தபடியே குரவை போட்டார். அடுத்த கடப்படி எடுத்தது. அதற்கடுத்தது. ஒழுங்கை முனையில் திரும்பி, வாவிக்கரையோரம் வீடு வீடாகப் போய், கடைசியில் தண்ணீருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது. இக்கரைக் குரவைதான் மோதித் திரும்புகிறதா, அக்கரைப் பெண்களும் கடப்படியில் நின்றார்களா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தச் சத்தம் அத்தனையும் ஒரு சத்தமில்லாத வாயிலிருந்து புறப்பட்டதை என் கண்ணால் கண்டேன்.

எல்லாம் அடங்கியதும் பெரியம்மா என் கையைச் சுரண்டினார். "மனே, அந்த மூண்டாம் வீட்டுக்காரிக்கு மூச்சுக் காணாது" என்றார்.

ஆடி பிறக்கும் முன்னர், அம்மாவின் மடியில், முகம் சுளிக்காமல் போனார். செய்தி கேட்டு வந்த மிஸ்ஸி மீதி மருந்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார். சிரிஞ்சை மட்டும் அம்மா கேட்டு வாங்கிக்கொண்டார்.

இந்த வருடம் கோயிலில் கால் வைக்க இடமில்லை. நானும் போயிருந்தேன். கதவு திறந்ததும் முதல் குரவை இப்போது முன்வீட்டு மாமியுடையது. ஆனால் அவர் உடனே தொடங்கவில்லை. கையை வாயருகே குவித்து, ஒரு மூச்சு நேரம் சத்தமில்லாமல் நின்றார். அத்தனை பெண்களும் அவரோடு காத்து நின்றார்கள். பிறகுதான் எழுந்தது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா சிரிஞ்சை மஞ்சள் தண்ணீரில் கழுவி, புதுவேப்பிலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.