பதினாலு பேருக்கு ஒரே நம்பர்

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற மஞ்சுவின் போனுக்கு வருகிற அளவுக்கு இந்த ஜனக்புரியில் வேறு யாருக்கும் ஓடிபி வராது. வங்கியில் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரருக்கே அத்தனை வராது. சர்ஃப் நுரைக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ரவிக்கைக்குள் சொருகியிருக்கும் பையிலிருந்து போனை எடுப்பாள். முதலில் இந்தியில் முணுமுணுத்துக்கொள்வாள், பிறகு தமிழில் ஒவ்வொரு எண்ணாகச் சொல்வாள். டெல்லிக்கு வந்து ஒன்பது வருஷத்தில் எண்கள் அவளுக்கு இந்தியில்தான் முதலில் வாயில் வருகின்றன. அந்தப் பக்கம் கேட்பது கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிற துணை சுகாதார நிலையத்து நர்ஸ்.

கதை இதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தச் சுகாதார நிலையத்துக்கு அரசாங்கம் ஒரு டேப்லெட் கொடுத்தது. நோயாளி அதன் முன்னால் உட்கார்ந்தால் எங்கோ இருக்கிற டாக்டர் வீடியோவில் பார்ப்பார். நல்ல காரியம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெயரைப் பதிய மொபைல் நம்பர் வேண்டும், ஒவ்வொரு தடவையும் அந்த நம்பருக்கு ஓடிபி போகும், அதைச் சொன்னால்தான் டாக்டர் வருவார். இந்த ஏற்பாட்டை யோசித்த மகராசன் மலைமேல் ஒரு நாள்கூட இருந்திருக்க மாட்டான். மஞ்சுவின் ஊர் சுகாதார நிலையத்திலிருந்து ஒன்பது கிலோமீட்டர் மேலே. அங்கே டவர் இல்லை. இருக்கிற இரண்டு மூன்று போனும் ரீசார்ஜ் இல்லாமல் செத்துக் கிடக்கும். பெயர் பதிய வந்தபோது மஞ்சுவின் தங்கை செல்வி, என்றைக்கும் உயிரோடு இருக்கிற ஒரே நம்பர் என்று அக்காவின் டெல்லி நம்பரைக் கொடுத்தாள். அவள் கொடுத்ததைப் பார்த்து பக்கத்து வீடு கொடுத்தது, எதிர் வீடு கொடுத்தது. கடைசியில் பதினாலு பேர்.

மஞ்சுவுக்கு இதில் பெருமை வேறு. "மாமாவுக்கு இன்னிக்கு சுகர் மாத்திரை மாத்திட்டாங்கக்கா" என்பாள், ஊரையே மடியில் கட்டிக்கொண்டு திரிகிறவள் மாதிரி. மெசேஜில் இருக்கிற மருந்துப் பெயர்களை என்னிடம் காட்டி இது எதுக்கு, அது எதுக்கு என்று பிடுங்குவாள். நான் அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ், பதினோரு வருஷ சர்வீஸ். வேலை முடிந்து வந்தும் வைத்தியமா என்று எரிச்சல் வரும். திட்டிக்கொண்டே படித்துச் சொல்வேன்.

போன மாதம் அவர்கள் குடிசைப் பகுதியில் பச்சைமுத்து என்கிற மேஸ்திரியின் வங்கிக் கணக்கை எவனோ போனில் பேசியே துடைத்துவிட்டான். அவர் ஓடிபி சொல்லிவிட்டார். இதைக் கேட்டதும் நான் மஞ்சுவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"ஏட்டி, இங்க பாரு. தெரியாத நம்பர்ல இருந்து எவ ஓடிபி கேட்டாலும் சொல்லாத. கெஞ்சினாலும் சொல்லாத. கட் பண்ணு. திரும்ப அடிச்சா பிளாக் பண்ணு."

"ஊரு நர்சம்மா கேட்டா?"

"தாயம்மாள் குரல் ஒனக்குத் தெரியும்லா? அவங்களுக்குச் சொல்லு. வேற எவளுக்கும் கிடையாது."

பிளாக் செய்வது எப்படி என்றும் நானேதான் காட்டிக்கொடுத்தேன். இரண்டு தடவை செய்யவைத்துப் பார்த்தேன். நல்ல புத்தி சொன்ன திருப்தியில் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை. எனக்கு நைட் டூட்டி வாரம். பகலில் தூங்கி எழுந்து டீ போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு மணிக்கு மஞ்சு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, இன்னிக்கு ஒருத்தி மாட்னா. ஷ்வேதா மேடம் வீட்ல வேலையா இருந்தேன். மூணு வாட்டி அடிச்சா. ஓடிபி சொல்லுங்க, ஜல்தி சொல்லுங்கன்னு ஒரே அவசரம். செல்வி பேரெல்லாம் சொல்றா. நானா ஏமாறுவேன். பிளாக் பண்ணிட்டேன்."

"சபாஷ்" என்றுதான் முதலில் சொன்னேன். டீயை வடிகட்டும்போதுதான் உறைத்தது.

"செல்வி பேரு அவளுக்கு எப்படி தெரியும்?"

"அதான் இப்பல்லாம் எல்லாம் தெரிஞ்சி வச்சிக்கிறாங்களே."

போனை வாங்கிப் பார்த்தேன். பத்தே கால், பத்து இருபத்தைந்து, பத்து நாற்பது. மூன்று மெசேஜும் அதே சுகாதார நிலையத் திட்டத்திலிருந்து. மூன்றிலும் செல்வியின் பெயர்.

செல்விக்கு எட்டாம் மாதம். முதல் பிள்ளை. புருஷன் அன்பு மிளகு பறிக்கக் கேரளா போயிருந்தான். ஊரில் மாமியார் செல்லம்மாளோடு இருந்தாள்.

பிளாக்கை எடுத்துவிட்டு அந்த நம்பருக்கு அடித்தேன். சின்னப் பெண்ணின் குரல், அழுதுவிடுகிற மாதிரி இருந்தது. பெயர் அபூர்வாவாம். தாயம்மாளை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள், இவள் வந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"செல்விக்கு எவ்வளவு பிரஷர்?" என்று கேட்டேன்.

"நூத்தி நாப்பத்தெட்டுக்கு நூறு மேடம். கால் ரெண்டும் வீக்கம். காலைலேருந்து தலைவலின்னாங்க."

"யூரின்?"

"புரோட்டீன் ரெண்டு பிளஸ்."

"அப்புறம் என்னத்துக்கு அனுப்பி வைக்காம இருக்க?"

"நான் சொன்னேன் மேடம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்னேன். அந்த மாமியார் கேக்கல. நேத்து வந்த பொண்ணு, நீ என்னாத்த கண்டன்னாங்க. டாக்டர் சொன்னா போறோம்னாங்க. அதான் டாக்டரைக் காட்டலாம்னு பாத்தேன். ஓடிபி கிடைக்கல. நம்பரை மாத்தலாம்னா அதுக்கும் பழைய நம்பரோட ஓடிபி கேக்குது. ஒரு மணி பஸ்ஸை விட்டா சாயங்காலம்தான், அதனால ஏறிப் போயிட்டாங்க."

மஞ்சு சுவரோரமாக அப்படியே உட்கார்ந்தாள். "என்னாக்கா ஆச்சி? செல்விக்கு என்னா?"

பிரசவ வார்டில் இந்த எண்களைக் கேட்டால் நாங்கள் நடக்க மாட்டோம், ஓடுவோம். பிரஷர் இன்னும் ஏறினால் வலிப்பு வரும். வலிப்பு வந்தால் தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம். மலைமேல் ஒரு குடிசையில் வந்தால் கேட்கவே வேண்டாம்.

"ஊர்ல வேற யாருக்காவது போன் போடு" என்று மஞ்சுவிடம் கத்தினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "யாருக்குக்கா? எல்லாருக்கும் என் நம்பருதான."

அன்பு போன் ஸ்விட்ச் ஆஃப். அபூர்வா தன்னுடைய பதிவேட்டைப் புரட்டி அந்த ஊர்க்காரர்களின் நம்பர்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். முதல் நாலைக் கேட்டதும் நிறுத்தச் சொன்னேன். பதினாலும் ஒன்றுதான், அது டெல்லியில் என் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது.

"உன்கிட்ட வண்டி இருக்கா?" என்று அபூர்வாவைக் கேட்டேன்.

"ஸ்கூட்டி இருக்கு மேடம். ஆனா அந்த ஊருக்கு நான் போனதே இல்ல. வழி தெரியாது. மேல போனா சிக்னலும் கிடையாது."

"நானும் நர்ஸ்தான். அதனால சொல்லுதேன், இன்னிக்கு நீ போகலன்னா நாளைக்குப் போயும் பிரயோஜனம் இருக்காது. வழியை இவ சொல்லுவா. எழுதிக்கோ."

மஞ்சு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "பள்ளிக்கூடத்தத் தாண்டி ஒரு மொட்டப் பாறை வரும்மா. அங்க வலது பக்கம் திரும்பு. எடது பக்கம் போனா ஓடைல போய் நிக்கும். அப்புறம் ரெண்டு மேடு. முதல் வீடு ஓட்டு வீடு, அது இல்ல. மூணாவது. டாக்டர் சொல்லிட்டாங்கன்னு மாமியார்கிட்ட பொய் சொல்லு தாயி. பாவம் எனக்கு வரட்டும்."

"பொய் வேணாம்க்கா. பிரஷர் மெஷினைக் கொண்டுபோய் அவங்க கண்ணு முன்னாடி பாக்கறேன்" என்றாள் அபூர்வா. அந்தப் பெண்ணுக்குப் புத்தி இருந்தது.

ஒன்றே முக்கால். இணைப்பு அறுந்தது.

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. மஞ்சு எழுந்துபோய்ப் பாத்திரத்தைத் தேய்த்தாள். தேய்த்ததையே மறுபடி தேய்த்தாள். போனைக் குழாய்க்கு மேலே ஜன்னல் கட்டையில் வைத்து, தட்டுக்கு ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். திடீரென்று கையை உதறிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அக்கா, போன வருஷம் ரோடு போட்டாங்கன்னு செல்வி சொன்னா. எந்தப் பக்கமா போட்டாங்கன்னு நான் கேக்கல. பாறைய ஒடச்சிட்டு இருந்தா?"

"பாறை அங்கதான் இருக்கும். சும்மா இரு."

"அந்தப் பொண்ணு ஓடப் பக்கமா போயிருந்தா?"

"போயிருந்தா திரும்பி வருவா."

எனக்கு மட்டும் என்ன தெரியும். மூன்று மணிக்கு ஷ்வேதா மேடம் போன் செய்து சாயங்கால வேலைக்கு ஏன் இன்னும் வரவில்லை என்றாள். போனை நானே வாங்கி, அவள் வரமாட்டாள் என்று இந்தியில் நறுக்கென்று சொல்லிவிட்டு வைத்தேன். நாலு மணிக்கு மஞ்சு கேட்டாள்.

"நான் அந்த நம்பரச் சொல்லியிருந்தா இந்நேரம் அவ ஆஸ்பத்திரில இருந்திருப்பா, இல்லக்கா?"

ஆமாம் என்பதுதான் பதில். அந்த நேரம் வரைக்கும் நான் மனசுக்குள் அவளைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பெயரைச் சொன்ன பிறகாவது யோசிக்கக் கூடாதா, மெசேஜை எனக்கு அனுப்பியிருக்கக் கூடாதா என்று. அவள் ஒரு வார்த்தைகூட என்னைக் குத்திப் பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"சொல்லாதன்னு சொன்னது நான்தாம்ட்டி. பிளாக் பண்ணக் கத்துக்கொடுத்ததும் நான்தான். தப்பு என்னோடது" என்றேன்.

"நீங்க நல்லதுக்குத்தான சொன்னீங்க" என்றாள் அவள், தலையைக் குனிந்துகொண்டு. அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஐந்து இருபதுக்கு மெசேஜ் ஒலித்தது. இரண்டு பேரும் பாய்ந்தோம். ஆறு எண்கள், செல்வியின் பெயர். அடுத்த நொடியே அபூர்வாவின் அழைப்பு. அவள் வாயைத் திறப்பதற்குள் மஞ்சு ஆறு எண்ணையும் சொல்லி முடித்துவிட்டாள்.

"கூட்டிட்டு வந்துட்டேன்க்கா. பால் ஜீப்புல ஏத்திட்டு வந்தோம்" என்றது அபூர்வாவின் குரல். "பிரஷர் நூத்தி எழுபது. டாக்டர் பாக்கறாங்க, இருங்க." பின்னால் ஒரு கிழவி ஏதோ புலம்பிக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷம் கழித்து மறுபடி பேசினாள். வீடியோவில் வந்த டாக்டர் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாராம். செல்லம்மாள் மறுபேச்சு பேசவில்லை. 108 வந்து நிற்கிறது, அபூர்வாவும் கூடப் போகிறாள், அவள் போனில் சார்ஜ் இல்லை. அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் நைட் டூட்டி முடிந்து நான் வந்தபோது மஞ்சு எங்கள் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு செய்தியும் இல்லை. அபூர்வாவின் போன் அடிக்கவே இல்லை. ராத்திரி எங்கள் வார்டில் மூன்று பிரசவம், மூன்றிலும் எனக்குச் செல்வி ஞாபகம்தான். இட்லி வைத்தேன். அவள் தொடவில்லை.

பத்து மணிக்கு மெசேஜ் வந்தது. அவள் என்னிடம் நீட்டினாள்.

"என்னா போட்டிருக்குக்கா?"

புதிதாக ஒருவர் பெயரை இந்த நம்பரில் பதிகிறார்கள் என்று போட்டிருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பேபி ஆஃப் செல்வி'. கீழே ஓடிபி.

"செல்வியோட குழந்தைன்னு போட்டிருக்கு. குழந்தை பொறந்தாச்சு. பதியறாங்கன்னா உயிரோட இருக்கு" என்றேன்.

"செல்வி?"

நான் மறுபடியும் படிக்கிற மாதிரி போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறந்த குழந்தையை நாங்கள் தாயின் பெயரில்தான் எழுதுவோம். தாய் இருந்தாலும் அப்படித்தான், இல்லாவிட்டாலும் அப்படித்தான். பதினோரு வருஷத்தில் இரண்டு விதமாகவும் என் கையால் எழுதியிருக்கிறேன்.

"அக்கா, செல்விய பத்தி என்னா போட்டிருக்கு?"

போன் அடித்தது. தெரியாத நம்பர். மஞ்சு பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டு அலோ சொல்லக்கூடப் பயந்து நின்றாள். நான் ஸ்பீக்கரைத் தட்டினேன்.

"யக்கா." ரொம்ப மெல்லிய குரல், தொண்டை காய்ந்த குரல். "நான்தான். பொம்பளப் புள்ள. ஒண்ணே முக்கா கிலோதான் இருக்காம். கண்ணாடிப் பெட்டில வச்சிருக்காங்க. நல்லா அழுவுதாம். ஒனக்கு ஏதோ நம்பர் வந்திருக்குமாம், சொல்லுக்கா. கவுண்டர்ல கேக்குறாங்க."

மஞ்சுவால் சொல்ல முடியவில்லை. மூன்று வருஷம் ஊருக்கே எண் படித்தவள், போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு தேம்பினாள். முதல் எண்ணே வாயில் வரவில்லை, இந்தியிலும் வரவில்லை, தமிழிலும் வரவில்லை.

நான் போனை வாங்கினேன். ஆறு எண்களையும் நிதானமாக, சத்தமாக, இரண்டு தடவை செல்விக்குச் சொன்னேன். அதற்குக் கீழே ஆங்கிலத்தில், இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று போட்டிருந்தது.