அடுத்ததற்குப் போகாத வரி

இன்று எனக்கு மூன்றாவது வேலை நேர்முகம், இணையத்தில்.

எழுவைதீவில் எங்கள் வீட்டில் சிக்னல் நிற்காது. படகேறி வந்து ஊர்காவற்றுறை இறங்குதுறையில் லேப்டொப்போடு உட்கார்ந்தேன்.

லிங்க்ட் லிஸ்டில், அதாவது ஒன்று அடுத்ததைக் காட்டும் பட்டியலில், உள்ள பெயர்களை வரிசையாகத் திரையில் அச்சிடும் புரோகிராம் எழுதச் சொன்னார்கள். எங்கள் பக்கத்து ஊர்களின் பெயர்களைப் போட்டேன், முதலாவது ஊர்காவற்றுறை. ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும் வரியை மட்டும் எழுத மறந்துவிட்டேன்.

திரை முழுக்க ஊர்காவற்றுறை, ஊர்காவற்றுறை, ஊர்காவற்றுறை.

"உங்கட புரோகிராம் அங்கயே நிக்குது," என்றார் கேள்வி கேட்டவர்.

"ஓம் சேர், நானும்தான்."

அவர் சிரிக்கவில்லை.

படகுக்கார அண்ணை கூப்பிட்டார். "அடுத்த படகில வாறன் அண்ணை," என்றேன்.

"அடுத்தது இல்லைப் பிள்ளை, இதுதான் கடைசி."

நேர்முகத்தை அத்தோடு முடித்துக்கொண்டு ஏறிவிட்டேன், படகிலிருந்துதான் இந்தப் பதிவைப் போடுகிறேன். அந்த வரியை மறந்தும் வேலை கிடைத்தவர்கள் இருந்தால் உடனே எழுதுங்கள். பாதிக் கடலில் சிக்னல் போய்விடும்.