பிஎச்.டி. விண்ணப்பமும் ஒரு மூட்டை ஃபெயில் துணியும்

1. "ஃபெயிலெல்லாம் எங்கே?"

ஆன்லைன் இன்டர்வியூ தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. திரையில் மூன்று பேராசிரியர்கள். நடுவில் இருந்த அம்மையார் என் ஆய்வுக் குறிப்பைப் பார்த்தபடி கேட்டார்.

"உங்க அளவுகள் ரொம்ப அழகா இருக்கு. ஒண்ணுகூட அஞ்சு சதவீதத்தைத் தாண்டலை. ஃபெயில் ஆனதெல்லாம் எங்கே?"

நான் பெருமையாகவே பதில் சொன்னேன். "ஃபெயில் ஆனா ரீடெஸ்ட் போட்டுப் பாஸ் பண்ணிடுவோம் மேடம்."

வாயை மூடிய பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது.

எம்.எஸ்சி. இயற்பியல் முடித்த கையோடு, இரண்டு வருஷம் மட்டும் என்று சொல்லி, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் டெஸ்டிங் லேபுக்குப் போனவள் நான். பதினான்கு வருஷம் ஓடிவிட்டது, லேப் இன்சார்ஜ் ஆகிவிட்டேன். புது டி-ஷர்ட்டைத் துவைத்ததும் அதன் பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பிக்கொள்ளும், நீங்களும் திட்டியிருப்பீர்கள். அதற்குப் பெயர் ஸ்பைராலிட்டி. துணியில் நீல மார்க்கரால் சதுரம் போட்டு, துவைத்து, காயவைத்து, எவ்வளவு சாய்ந்தது என்று அளப்போம். ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் பாஸ்.

தாண்டினால்? அதே ரோலில் வேறு இடத்தில் வெட்டி மறுபடி துவைப்போம். "ஏனுங்க மேடம், இன்னொரு எடத்துல வெட்டிப் பாருங்களேன்" என்று மேனேஜர் பழனிச்சாமி சார் அவ்வளவு மரியாதையாகச் சொல்வார். பாஸ் ஆகிற அளவு மட்டும் ரிப்போர்ட்டில் ஏறும். முதலில் வெட்டிய துண்டு வேஸ்ட் மூட்டைக்குப் போகும். இதைப் பொய் என்று எங்களில் யாரும் நினைத்ததே இல்லை, நானும்தான்.

இந்த இன்டர்வியூவுக்கு முன் பிஎச்.டி.க்கு இரண்டு முறை விண்ணப்பித்திருந்தேன். இரண்டிலும் நட்சத்திரங்களைப் பற்றி எழுதினேன், இன்டர்வியூவுக்கே கூப்பிடவில்லை. மூன்றாவது முறை எனக்குத் தெரிந்ததை எழுதினேன்: நூலில் இருக்கும் முறுக்கு துணியை எப்படிச் சாய்க்கிறது? லேப் ஃபைலில் இருந்த அளவுகளை அப்படியே எடுத்துப் போட்டேன். இதுவும் போனால் இனி கேட்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

அம்மையார் கோபப்படவில்லை. "சாஞ்சதை எல்லாம் தூக்கிப் போட்டுட்டீங்கன்னா, ஏன் சாயுதுன்னு எதை வெச்சும்மா கண்டுபிடிப்பீங்க? பத்து நாள் டைம் தர்றோம். எல்லா அளவும் அனுப்புங்க."

திரை அணைந்தது. வெட்கத்தில் என் காது இரண்டும் கொதித்தன.

2. மங்கலம் ரோடு

எங்கள் லேபில் துணி துவைப்பது நசீமா அக்கா. மூட்டை எங்கே என்று ஓடிப்போய்க் கேட்டேன்.

"அது போன வாரமே லோடு ஏறிடுச்சுங்களே மேடம். மங்கலம் ரோட்டு வேஸ்ட் துணி குடோனுக்கு."

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார். "நாயித்துக்கெழமை போலாமுங்க. நம்ம மார்க்கர் எனக்குத் தெரியாதா?"

குடோன்காரர் இப்ராஹிம் பாய் விஷயத்தைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "பாஸானதைத் தேடி வர்றவங்களையே நான் பாத்ததில்லீங்க. நீங்க ஃபெயிலானதைத் தேடி வந்திருக்கீங்க! உள்ள போய்ப் பாருங்கம்மா, மெஷின் தொடைக்கக் கட் பண்றதுக்குள்ள வந்தீங்க."

உள்ளே கூரை முட்டத் துணி. தலையெல்லாம் பஞ்சு, ஓயாத தும்மல். மத்தியானம் வரை ஒன்றும் அகப்படவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் நசீமா அக்கா ஒரு மூட்டையின் மேல் ஏறி நின்று கத்தினார்.

"மேடம்! நீலக் கட்டம்!"

நாற்பத்தாறு துண்டுகள் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் ரோல் நம்பர், அதைப் பின்னிய மெஷின் நம்பர், நாங்கள் போட்ட சதுரம் எல்லாம் அழியாமல் இருந்தன. புதையல் கிடைத்தவளைப் போல அவற்றை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் வந்தேன்.

3. எதிர்ச்சுத்து

மறுநாள் லேப் மேஜையில் அவற்றைப் பரப்பி, சுருக்கம் நீக்கி, ஒவ்வொன்றாக அளந்தேன். பிறகு மெஷின் நம்பர்படி அடுக்கினேன். அடுக்கும்போதே இரண்டு அடுக்கு மட்டும் உயர்ந்துகொண்டே போனது. நாற்பத்தாறில் நாற்பத்தொன்று ஆறாம் நம்பரிலும் பதினொன்றாம் நம்பரிலும் ஓடியவை. நூல் எல்லாவற்றிலும் ஒரே நூல்தான்.

நிட்டிங் ஹாலுக்கு ஓடினேன். ஃபிட்டர் செல்வராஜ் அண்ணன் மெஷினுக்கு ஆயில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணா, ஆறுக்கும் பதினொண்ணுக்கும் மத்த மெஷினுக்கும் எதுல வித்தியாசம்?"

"அது ரெண்டும் பழசுங்க மேடம். எதிர்ச்சுத்து. மத்ததெல்லாம் ஒரு பக்கம் சுத்துனா இது ரெண்டும் இன்னொரு பக்கம் சுத்தும்."

"இத்தனை வருஷமா ஏங்கண்ணா சொல்லலை?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே!"

நூலின் முறுக்கு ஒரு பக்கம் சாய்க்கிறது. மெஷின் சுற்றும் திசை அந்த முறுக்கோடு ஒத்துப்போனால் சாய்வு கூடுகிறது, எதிராக இருந்தால் குறைகிறது. எங்கள் நூலின் முறுக்கோடு ஒத்துப்போனவை அந்தப் பழைய மெஷின் இரண்டும்தான். பதினான்கு வருஷம் நான் மூட்டைக்குள் போட்டது இந்த விடையைத்தான். அந்த இரைச்சலில் நின்று நான் குதித்தேன். பின்னாலேயே வந்த நசீமா அக்கா, "ஃபெயிலானதுக்கு இப்பிடிக் குதிக்கிறவங்களை இப்பத்தான் பாக்கறேன்" என்றார்.

ஃபெயில் ஆன அளவுகளை வெளியே அனுப்பப் பழனிச்சாமி சாரின் அனுமதி வேண்டும். தயங்கித் தயங்கித்தான் போய் நின்றேன். தாளை இரண்டு தடவை படித்தார்.

"கம்பெனி பேரு வராதுங்களே?"

"வராதுங்க சார்."

"அனுப்புங்க. இனிமே அந்த ரெண்டு மெஷின்லயும் இந்த நூலை ஓட்ட வேண்டாமுங்க."

புதிய அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எங்கள் ரீடெஸ்ட் வழக்கத்தை ஒளிக்காமல் எழுதினேன். அதை எழுதத்தான் ரொம்ப நேரம் பிடித்தது.

மூன்று வாரம் கழித்து மெயில் வந்தது. தேர்வாகியிருந்தேன். கடைசியில் அம்மையார் ஒரு வரி சேர்த்திருந்தார்: "வரும்போது அந்த மூட்டையையும் கொண்டு வாருங்கள்."

இப்போது அந்த லேபில் இருக்கும் தங்கைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ரீடெஸ்ட் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் அளவையும் பக்கத்தில் எழுதிவையுங்கள். மூட்டை இங்கே பல்கலைக்கழகத்தில் என் மேஜைக்கு அடியில் இருக்கிறது. பாஸ் ஆன ரிப்போர்ட்டுகள் எல்லாம் அங்கே ஃபைலில் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு வரச் சொல்லி இதுவரை யாரும் கேட்கவில்லை.