பறவை மாதிரி

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு இறகுக்காரர் என்று பெயர். பத்தொன்பது வருடமாக ஏரியில் கொக்கு பிடித்து, மார்பிலிருந்து நாலு இறகு பிடுங்கிக்கொண்டு பறக்கவிடுவது அவர் வேலை. கரையிலிருக்கும் விளக்குத் தொழிற்சாலை தண்ணீரில் விடும் பாதரசம் மீனுக்குப் போகும். மீனைத் தின்ற கொக்கின் இறகில் வந்து தங்கும். இறகைப் பார்த்தால் ஏரியின் யோக்கியதை தெரியும். "இன்னிக்கு எத்தன கொக்கு தலையில வெண்ணெய் வெச்சீங்க?" என்று வாசல் காவலாளி தினமும் கேட்டுவிட்டு, தினமும் தானே சிரித்துக்கொள்வான்.

பிடுங்கிய இறகைக் கழுவி, பொடியாக நறுக்கி, குப்பியில் போட்டு அமிலத்தில் கரைப்பதும் அவர்தான். குப்பிமேல் 'பறவை மாதிரி' என்று சீட்டு ஒட்டி எண் போடுவார். ஒருநாள் ஒரு சீட்டு அவர் சட்டைப்பையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டது. மனைவி எடுத்துப் படித்தாள்.

"அதென்ன பறவை மாதிரி? பாத்தா பறவை மாதிரி இருக்கும், ஆனா பறவை இல்லையா?"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அது அவள் கை நன்றாக இருந்த காலம்.

அவள் தையல்காரி. முன்னறையில் ஜன்னலோரம் மெஷின், சுவரில் துணி மாட்டும் கம்பி. காஜா எடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இரண்டு வருடமாக அவளால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. விரல் நடுங்கியது, உதட்டோரம் மரத்துப்போனது, கத்தரி தடம் மாறி அடுத்தவர் துணியை அறுத்தது. டாக்டர் வயது என்றார். நாற்பத்தாறெல்லாம் ஒரு வயதா? பிறகு கவலை என்றார். சத்து போதவில்லை, மீன் நிறையச் சாப்பிடுங்கள் என்றும் சொன்னார்.

மீனுக்கு என்ன பஞ்சம்? ஏரிப் படகுக்காரர் பெரிய மீனாகப் பார்த்துப் பிரியமாகக் கொடுப்பதை இவர்தான் வாரத்தில் நாலு நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். இவருக்கு மீன் பிடிக்காது. இவர் பங்கையும் அவளே சாப்பிட்டாள். ஆண்டறிக்கை ஒவ்வொன்றும் 'பறவைகளுக்கு உடனடி ஆபத்தில்லை' என்றுதான் முடிந்தது. பறவைக்கே இல்லையென்றால் நமக்கென்ன என்று நம்பினார், பாவி மனுஷன்.

பிறகு ஒரு காலையில், ஆழமில்லாத தண்ணீரில் ஒரு கொக்கு மூன்று முறை குறிபார்த்துக் கொத்தியது; மூன்று முறையும் மீன் தப்பியது. அலகு அவள் கத்தரி போலவே தடம் மாறியதை அவர் பார்த்தார். அன்றோடு வீட்டில் மீன் நின்றது.

அவள் உடம்பிலும் பாதரசம் இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லி ஆய்வுக்கூட அதிகாரியிடம் போய்க் கெஞ்சினார். "இந்த மெஷின் பறவைக்குய்யா. மனுஷங்களுக்கு வேற ஆபீஸ்" என்றார் அவர். அந்த ஆபீஸில், அதிகாரியிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். அதிகாரி தரமாட்டேன் என்றார்.

மறுநாள் அவள் தலை வாரும்போது பிடரியில் ஒரு கொத்து முடியை நறுக்கினார்.

"என்னங்க பண்றீங்க?"

"ஒரு மாதிரி வேணும்."

"கொஞ்ச நாளா நீங்களே ஒரு மாதிரியாத்தான் இருக்கீங்க."

முடியும் இறகும் அமிலத்தில் கரைந்துவிட்டால் எல்லாம் ஒரே தண்ணீர். எண் நாற்பத்தொன்று: கொக்கு, பெண், வளர்ந்தது என்று பதிந்தார்.

பத்தாம் நாள் அதிகாரி கூப்பிட்டார். "என்னய்யா இது? மத்ததெல்லாம் மூணு, நாலுன்னு இருக்கு. நாப்பத்தொண்ணு மட்டும் முப்பத்தெட்டு! இவ்வளவு ஏறின கொக்கு நேரா நிக்காது, கொத்தினா குறி தப்பும். இத எங்க புடிச்சே?"

"வீட்லதான் சார். அது கொக்கு இல்ல. என் சம்சாரத்தோட முடி."

அதிகாரி எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திட்டப்போகிறார் என்று இவர் நினைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்த முகத்தில் பெரிய நிம்மதிதான் தெரிந்தது.

"அப்பாடா! பறவை இல்லன்னா கணக்குல வராது. வரிய அடிச்சிடு."

"அந்தக் காகிதத்தையாவது குடுங்க சார். டாக்டர்கிட்ட காட்டணும்."

"கொக்குன்னு போட்ட காகிதத்தையா? காட்டிப் பாரு, உன்னத்தான் மொதல்ல அட்மிட் பண்ணுவாரு."

பதிந்தவரே அடிக்க வேண்டும், காரணமும் எழுத வேண்டும் என்பது விதி. பத்தொன்பது வருடமாக விதி தவறாத கை. வரியை அடித்து, 'பறவை அல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த வருட அறிக்கையில் நாற்பது மாதிரிகள். பறவைகளுக்கு உடனடி ஆபத்தில்லை.

வீட்டில் அவள் ஜன்னல் வெளிச்சத்தில் ஊசியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க வந்துச்சு?"

"நீ பறவை இல்லன்னு வந்துச்சு."

அவள் சிரிக்கப் பார்த்தாள். உதடு ஒரு பக்கம் வரவில்லை. ஊசி நழுவித் தரையில் விழுந்தது. அவர் மண்டியிட்டுத் தேடி எடுத்து, தானே நூலைக் கோத்து, அவள் கையில் கொடுத்தார். அது மறுபடியும் விழுந்தது.